ஒரு பாட்டில் ஆற்றுத் தண்ணீரில் எத்தனை லாரி மண்?

செஞ்சியில் வெள்ளிக்கிழமை என்றால் வாரச்சந்தை. அனந்தபுரத்திலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் ஆடு வாங்க, விற்க ஆட்கள் விடிவதற்குள் வந்துவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் முதல்நாள் இரவு நல்ல மழை பெய்திருந்தால், சந்தைக்கு வந்தவர்களுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். சங்கராபரணி ஆற்றுப் பாலத்தில் நின்று வெள்ளம் பார்ப்பது.

அப்படிப் பார்க்கும் கூட்டத்தில் எப்போதும் ஒரு தாத்தாவும் பேரனும் இருப்பார்கள். அவர்கள் பேச்சும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

"தாத்தா, தண்ணி ஏன் டீ கலர்ல போவுது?"

"மலை மண்ணு கரைஞ்சி வருது கண்ணு."

"எவ்ளோ மண்ணு வரும்?"

தாத்தா கொஞ்சம் யோசிப்பார். "அத யாருடா அளந்தா?"

அளந்திருக்கிறார்கள். உலகம் முழுக்க நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அளந்துகொண்டிருக்கிறார்கள். ஆற்றில் ஓடும் தண்ணீரை அளப்பதைவிட, அதில் ஓடும் மண்ணை அளப்பது பல மடங்கு கடினம். மலை ஆறு என்றால் இன்னும் கடினம். ஆனால் அந்தக் கணக்கு தெரியாவிட்டால், ஓர் அணை எத்தனை ஆண்டுகள் தாங்கும், ஓர் ஏரி எத்தனை ஏக்கருக்குப் பாயும், ஆற்றில் எவ்வளவு மணல் அள்ளலாம் என்ற எந்தக் கேள்விக்கும் பதில் கிடையாது.

பாறை எப்படி மண்ணாகிறது?

செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். யாரோ கூடை கூடையாகக் கொட்டி வைத்தது போலப் பாறைக் குவியல்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது இந்தச் செஞ்சிக் கோட்டைதான்.

அந்தப் பாறைகள் கருங்கல் வகை. சுமார் 250 கோடி ஆண்டு வயது. இரும்பு போலத் தெரிந்தாலும், வெயிலில் விரிந்து, மழையில் குளிர்ந்து, விரிசலுக்குள் நீர் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. கருங்கல்லில் இருக்கும் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் மெல்லக் களிமண்ணாக மாறும். குவார்ட்ஸ் என்ற வெண்மையான கனிமம் மாறாது. அது மணலாக உதிரும். ஆற்று மணலைக் கையில் அள்ளிப் பார்த்தால் மின்னுகிற துகள்கள் பெரும்பாலும் அந்தக் குவார்ட்ஸ்தான்.

மலையிலிருந்து உதிர்ந்ததை ஆறு இரண்டு விதமாகச் சுமக்கிறது. களியும் வண்டலும் மிக நுண்ணியவை. அவை நீரில் மிதந்தபடியே போகும். தண்ணீருக்கு டீ நிறம் கொடுப்பவை இவைதான். பருமணலும் கூழாங்கல்லும் கனமானவை. அவை ஆற்றின் தரையில் உருண்டும், தவழ்ந்தும், தத்தித் தத்தியும் நகரும். மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவை தெரியாது. முதல் வகையை 'மிதவைச் சுமை' என்றும், இரண்டாவதைப் 'படுகைச் சுமை' என்றும் வைத்துக்கொள்ளலாம். முதலாவதை அளப்பது ஓரளவு சுலபம். இரண்டாவதுதான் பொறியாளர்களை இன்றைக்கும் திணறடிக்கிறது.

பாட்டில் கணக்கு

மிதவைச் சுமையை அளக்க வேண்டிய முக்கியக் கருவி ஒரு பாட்டில். நம்ப முடியாவிட்டாலும் அதுதான் உண்மை.

இந்தியாவின் பெரிய ஆறுகளில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே பல காலமாகப் புழக்கத்தில் இருப்பதன் பெயரே 'பஞ்சாப் பாட்டில்'. குறிப்பிட்ட ஆழம் வரை இறக்கி, அந்த ஆழத்தில் மட்டும் மூடி திறந்து நீரை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அதில் உண்டு. எந்த ஆழத்தில் என்பதுதான் சூட்சுமம். மேல்மட்டத் தண்ணீரில் மண் குறைவு, அடிமட்டத்தில் அதிகம். அதனால் மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் எடுக்கிறார்கள். 10 அடி ஆழமென்றால் 6 அடியில். ஏறக்குறைய சராசரி அங்கே கிடைக்கும்.

எடுத்து வந்த நீரைச் சல்லடையிலும் வடிதாளிலும் வடிகட்டுவார்கள். 0.2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகள் பருமன், 0.075 வரை நடுத்தரம், அதற்கும் கீழே நுண்மண். மூன்றையும் உலர்த்தித் தனித்தனியே எடை போடுவார்கள். ஒரு லிட்டரில் எத்தனை கிராம் மண் என்பது தெரிந்துவிடும்.

அடுத்து, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஆற்றின் குறுக்கே அகலம், ஆழம் அளந்து, நீரோட்டத்தின் வேகத்தால் பெருக்கினால் கன அடி கிடைக்கும். கன அடியை மண்ணின் அளவால் பெருக்கினால், மொத்த மண் கிடைத்துவிடும்.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆற்றில் விநாடிக்கு 1,000 கன அடி ஓடுகிறது. ஒரு லிட்டரில் 2 கிராம் மண். கேட்கக் கொஞ்சமாகத்தான் தோன்றும். அரை டீஸ்பூன்கூட இல்லை. ஆனால் 1,000 கன அடி என்பது சுமார் 28,300 லிட்டர். அப்படியென்றால் விநாடிக்கு 56 கிலோ மண். ஒரு மணி நேரத்துக்கு 200 டன்னுக்கு மேல். பத்து டன் லாரியில் ஏற்றினால் 20 லாரி!

பாலத்தில் நிற்கும் பேரனுக்கு இந்த ஒரு கணக்கைச் சொன்னால் போதும். இனி டீ கலர் தண்ணீரை அவன் அப்படியே பார்க்க மாட்டான்.

ஒரு நாள் வெள்ளம், இருபது நாள் மண்

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் இரண்டு மடங்கானால் மண்ணும் இரண்டு மடங்காகும் என்று நினைப்போம். அப்படி நடக்காது. வேகம் கூடும்போது ஆறு கரையையும் அரிக்கிறது, படுகையையும் கிளறுகிறது. ஆகவே ஒவ்வொரு லிட்டரிலும் இருக்கும் மண்ணும் கூடிவிடும்.

மேலே போட்ட அதே கணக்கில், வெள்ளம் 1,000 கன அடியிலிருந்து 10,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 2 கிராம் என்பது 4 கிராம் ஆகிறது. தண்ணீர் 10 மடங்கு, மண் 20 மடங்கு. சாதாரண மழைநாள் இருபது சேர்ந்து கொண்டுவரும் மண்ணை அந்த ஒரே நாள் கொண்டுவந்துவிடும். டன்னில் சொன்னால் அந்த ஒரு நாளுக்கு ஏறக்குறைய 98,000 டன்.

மலை ஆறுகளில் இந்தக் குணம் இன்னும் கூடுதல். ஆண்டு முழுவதும் வரும் மண்ணில் பெரும்பகுதி இரண்டு மூன்று வெள்ள நாட்களில் வந்து முடிந்துவிடும். மீதி நாட்களில் தினம் தினம் பாட்டில் இறக்கி அளந்தாலும், அந்த இரண்டு நாட்களைத் தவறவிட்டால் கணக்கே தப்பு. ஆனால் அந்த இரண்டு நாட்களில்தான் பாலத்தருகே போக முடியாது, படகு இறக்க முடியாது, பாட்டிலை வெள்ளம் இழுத்துக்கொண்டு போகும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது விழுப்புரம் மாவட்ட மக்கள் இதைக் கண்ணால் பார்த்தார்கள். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. பல ஊர்களில் ஓர் ஆண்டு மழையில் பாதியளவு அது. வடிந்த பிறகு வயலிலும் வீட்டிலும் தெருவிலும் எஞ்சி நின்றது சேறு. அன்றைக்கு ஆற்றில் போன மண்ணை எந்தப் பாட்டிலாலும் முழுதாக அளந்திருக்க முடியாது.

இதற்காகத்தான் இப்போது தானியங்கிக் கருவிகள் வந்திருக்கின்றன. தண்ணீருக்குள் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு சிதறித் திரும்புகிறது என்று பார்க்கும் கலங்கல் உணரிகள் உண்டு. மண் கூடக் கூடச் சிதறல் மாறும். ஆள் இல்லாமலே நள்ளிரவிலும் அளக்கும். ஆனாலும் அவ்வப்போது பாட்டில் தண்ணீரோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தால்தான் அதன் கணக்கு நம்பகமானது. பாட்டிலுக்கு ஓய்வு கிடையாது.

கற்கள் தட்டும் கதவு

படுகையில் உருளும் கல்லை எப்படி அளப்பது? அமெரிக்காவில் 1971இல் அறிமுகமான 'ஹெல்லி-ஸ்மித்' கருவி ஒரு வலைப்பை போன்றது. முன்பக்கம் மூன்று அங்குலச் சதுர வாய். பின்னால் வலை. ஆற்றின் அடியில் சில நிமிடம் வைத்தால் உருண்டு வருபவை உள்ளே விழும். மணல் ஆற்றுக்கு இது சரி. தேங்காய் அளவு கல் உருளும் மலை ஓடையில் மூன்று அங்குல வாய் என்ன செய்யும்? கருவியே தப்பாது.

சுவிட்சர்லாந்துக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். எர்லென்பாக் என்று ஒரு சின்ன மலை ஓடை. அதன் நீர்ப்பிடிப்பு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே 1980களிலிருந்தே படுகைச் சுமையை அளந்து வருகிறார்கள். ஓடையின் குறுக்கே படிபோலக் கட்டி, அதில் எஃகுத் தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். தகட்டின் அடியில் அதிர்வு உணரி. மேலே ஒரு கல் உருண்டு போனால் 'டக்'. பெரிய கல் என்றால் பெரிய 'டக்'. எத்தனை தட்டல், எவ்வளவு பலம் என்று கணினி எண்ணிக்கொண்டே இருக்கும். கீழே கூடையில் விழும் கற்களை எடை போட்டு, இத்தனை தட்டலுக்கு இத்தனை கிலோ என்று கணக்கைச் சரிபார்க்கிறார்கள்.

இதையே இன்னும் கொஞ்சம் நீட்டினால், ஆற்றைத் தொடாமலே அளக்கலாம். வெள்ளத்தில் பாறைகள் உருளும்போது தரை அதிரும். கரையில் வைத்த நிலநடுக்கமானி அதைப் பிடித்துவிடும். நேபாளத்தில் திரிசூலி ஆற்றங்கரையில் நிலநடுக்க ஆய்வுக்காக வைத்திருந்த கருவிகளில், மழைக்காலத்தில் மட்டும் கூடும் ஓர் இரைச்சல் பதிவானது. ஆராய்ந்தபோது அது ஆற்றின் சத்தம், கல் உருளும் சத்தம் என்று தெரிந்தது. 2008இல் வெளியான அந்த ஆய்வு இந்தத் துறையில் ஒரு புதிய கதவைத் திறந்தது.

மலையடிவாரத்து மக்களுக்கு இது புதிதல்ல. காட்டாறு வரும்போது தண்ணீருக்கு முன்னால் சத்தம் வரும், அந்தச் சத்தத்தைக் கேட்டே மேட்டில் ஏறிவிட வேண்டும் என்பது அவர்களின் பழைய பாடம்.

நீலகிரியும் சட்லெஜும்

தமிழ்நாட்டில் மலைமண் கணக்கு முக்கியமான இடம் நீலகிரி. உதகையில் மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954இலேயே தொடங்கப்பட்டது. சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்து உருளைக்கிழங்கு போட்டால் எவ்வளவு மண் போகும், குறுக்கே பிடித்தால் எவ்வளவு, படிக்கட்டுபோல் தளம் வெட்டினால் எவ்வளவு என்று மழைக்கு மழை அளந்தார்கள். படித்தளம் அமைத்தால் மண்ணிழப்பு மிகப் பெரிய அளவில் குறைகிறது என்ற முடிவு, பிறகு மலைத் தோட்டங்களுக்கான அரசுத் திட்டங்களிலும் இடம்பெற்றது. அங்கே மண் தங்காவிட்டால் கீழே குந்தா அணையில் சேறாக நிற்கும். குந்தா அணையின் சேறு, நீலகிரியில் பல ஆண்டுகளாகப் பேசப்படும் சிக்கல்.

வடக்கே இமாசலப் பிரதேசத்தில் சட்லெஜ் ஆற்றின் நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையம் 1,500 மெகாவாட் திறன் கொண்டது. ஆற்று நீரில் மண்ணின் அளவு 5,000 பி.பி.எம். தாண்டினால் அங்கே உற்பத்தியை நிறுத்திவிடுகிறார்கள். அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம். காரணம், செஞ்சிப் பாறையில் பார்த்த அதே குவார்ட்ஸ். அது எஃகைவிடக் கடினம். வேகமாகச் சுழலும் டர்பைனை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். அங்கே பாட்டில் கணக்கு தவறினால் விளக்கு அணையும், அல்லது இயந்திரம் தேயும்.

அணையின் அடியில் எழுதிய கணக்கு

சங்கராபரணிக்குத் திரும்புவோம். செஞ்சி வட்டாரத்து மலைகளில் பிறந்து வரும் இந்த ஆறு, தொண்டியாற்றோடு சேருமிடத்தில் 1950களின் கடைசியில் வீடூர் அணை கட்டப்பட்டது. நீர்மட்டம் 32 அடி. கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. இதை நம்பியிருப்பது 3,200 ஏக்கர். அதில் 2,200 ஏக்கர் தமிழ்நாட்டில், 1,000 ஏக்கர் புதுச்சேரியில்.

ஆற்றில் அளக்கத் தவறிய மண்ணை அணையில் பிடித்துவிடலாம். படகில் ஒலி அலைக் கருவியை வைத்து, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, அடித்தளம் எத்தனை அடியில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். கட்டியபோது இருந்த கொள்ளளவிலிருந்து இப்போதைய கொள்ளளவைக் கழித்தால், இடையில் வந்து படிந்த மண் தெரியும். தமிழ்நாட்டு அணைகளில் இந்த வேலையைச் செய்வது திருவள்ளூர் மாவட்டம் பூண்டியில் 1944 முதல் இயங்கும் நீரியல் ஆய்வு நிறுவனம். செயற்கைக்கோள் படத்தில் நீர்ப்பரப்பு சுருங்கி விரிவதைப் பார்த்தும் இதைக் கணிக்கிறார்கள்.

அளந்தால் என்ன பயன்? முன்பு போட்ட உதாரணத்தையே எடுப்போம். ஒரே நாளில் 98,000 டன் மண். அத்தனையும் வீடூர் போன்ற அணைக்குள் படிந்துவிட்டால், சுமார் 26 லட்சம் கன அடி இடம் போய்விடும். நெல்லுக்கு ஒரு போகத்தில் 4 அடி உயரத் தண்ணீர் வேண்டும் என்று வைத்தால், அது 15 ஏக்கருக்கான தண்ணீர். இந்த ஆண்டுக்கு மட்டுமல்ல, மண்ணை எடுக்கும்வரை ஒவ்வோர் ஆண்டும் அந்த 15 ஏக்கர் காயும். கடைமடை விவசாயி "எங்க காலத்துல தண்ணி இங்க வரைக்கும் வந்துச்சு" என்று சொல்வதன் பின்னால் இப்படி ஒரு கணக்கும் இருக்கக்கூடும். மேட்டூர் அணையே 1934இல் கட்டிய பிறகு 2017இல்தான் முதன்முறையாகத் தூர்வாரப்பட்டது.

மணல் விஷயத்திலும் இதே கணக்குதான். ஆற்றில் ஆண்டுதோறும் எவ்வளவு மணல் புதிதாக வந்து சேருகிறதோ, அதற்கு உட்பட்டுத்தான் அள்ள வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் படுகையை அளந்து பார்க்க வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. வரவு தெரியாமல் செலவு செய்தால் வீடு தாங்குமா? ஆறும் தாங்காது.

நீரோடி, சேறோடி

நம் முன்னோர் கிராமும் டன்னும் போட்டு அளக்கவில்லை. ஆனால் ஏரிக்கு மண் எதிரி என்பதை அறிந்திருந்தார்கள். பழைய ஏரிகளின் குமிழித் தூம்பில் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை உண்டு. மேலே இருப்பது நீரோடித் துளை. கீழே இருப்பது சேறோடித் துளை. தண்ணீர் போகும்போதே அடியில் கலங்கிய சேறும் வெளியே இழுத்துக்கொண்டு போகப்படும். வயலுக்கு அது உரம்.

அனந்தபுரத்திலிருந்து அதிக தூரமில்லாத பனமலையில், பல்லவ மன்னன் ராஜசிம்மன் எடுத்த கோயிலின் அடிவாரத்தில் பெரிய ஏரி இருக்கிறது. துரிஞ்சலாற்றில் கீரனூர் அணைக்கட்டில் பிரியும் நந்தன் கால்வாய், வழியில் ஏரிகளை நிரப்பிக்கொண்டு இந்தப் பனமலை ஏரியில் முடிகிறது. நீளமான கால்வாயில் சரிவு குறைவு. சரிவு குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுமந்து வந்த மண் வழியிலேயே இறங்கும். தூர்ந்த கால்வாயில் கடைசி ஏரிக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதுதான் சிரமம். அதனால்தான் நந்தன் கால்வாயைச் சீரமைக்க வேண்டும் என்ற குரல் இந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஏரி வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் முறை 2024இல் வந்தது. வயலுக்கு உரம், குயவருக்குக் களி, ஏரிக்கு இடம். மலை அனுப்பியதை ஊர் பங்கிட்டுக்கொள்ளும் வழி இது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

இந்த வாரம் மழை பெய்தால் பிள்ளைகளோடு ஒரு வேலை செய்யலாம். ஆற்றுப் பக்கம் போக வேண்டாம். வீட்டருகே ஓடும் கலங்கல் மழைநீரைப் பெரியவர்கள் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துத் தர வேண்டும். நன்றாகக் குலுக்கி மேசையில் வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள்.

மணல் சில விநாடிகளில் அடியில் விழும். வண்டல் துகள்கள் பத்து சென்டிமீட்டர் இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். களிமண் அதே தூரம் இறங்க ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். மிக நுண்ணிய களி மறுநாளும் மிதந்துகொண்டிருக்கும். மறுநாள் பார்த்தால் அடியில் அடுக்கடுக்காகக் கோடுகள். கீழே மணல், நடுவே வண்டல், மேலே களி. ஓர் அணைக்குள் பல ஆண்டுகளில் நடப்பது பாட்டிலுக்குள் ஒரே நாளில் நடந்திருக்கும். தெளிந்த நீரை மெல்ல ஊற்றிவிட்டு, மிச்சத்தைக் காயவைத்து எடை போட்டால், லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதும் தெரிந்துவிடும். மளிகைக்கடைத் தராசு போதாது, நகைக்கடைத் தராசு மாதிரி நுட்பமானது வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை சங்கராபரணி பாலத்தில் அந்தத் தாத்தா மறுபடியும் "அத யாருடா அளந்தா?" என்று கேட்டால், பேரனால் பதில் சொல்ல முடியும்.

"நான் அளந்தேன் தாத்தா. ஒரு பாட்டில்ல."